வாசலில் நிற்பவள்

அன்புள்ள லோர்னா,

தேங்க்ஸ்கிவிங் விடுமுறையன்று முதியோர் இல்ல வாசலில் நீ போட்ட கூச்சலை, வரவேற்பறைப் பெண் போனில் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். "பெத்த பொண்ணு நான்! என்னைத் தடுக்க அவ யாரு?"

நான் யாரென்று உனக்குத் தெரியாதா? பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, நீதிபதி முன்னால் சத்தியம் செய்த சட்டப் பாதுகாவலர். உன் அம்மா எங்கே இருக்க வேண்டும், யாரைப் பார்க்கலாம் என்பதெல்லாம் இனி என் முடிவு. "அலாஸ்காலேர்ந்து என்னால அலைய முடியாதுடி, நீயே பாத்துக்கோ" என்று விசாரணைக்குக்கூட வராமல் சம்மதம் கொடுத்தது நீதானே?

அம்மா சுகம். சின்ன வயதில் தினமும் சாயங்காலம் உங்கள் சமையலறையில் எனக்குத் தட்டு வைத்தவளுக்கு இப்போது நான் ஊட்டுகிறேன். நினைவு தடுமாறியதிலிருந்து என்னை நீ என்றே நினைக்கிறாள். "லோர்னா" என்று கூப்பிட்டால் "என்னம்மா" என்பேன். திருத்துவதில்லை. திருத்தினால் அழுவாள், பாவம்.

நேற்று என் கையைப் பிடித்து ரகசியமாகச் சொன்னாள்: "உன்கூட ஒருத்தி வருவாளே, நம்ம வீட்ல தின்னே வளந்தவ, அவளை உள்ள விடாதே. அவ பார்வையே சரியில்ல. ஒருநாள் உன்னைத் தள்ளிட்டு உன் நாற்காலில உக்காந்துடுவா."

"விடமாட்டேம்மா" என்றேன்.

அம்மா பேச்சைத் தட்ட மனசு வரவில்லை. உள்ளே இருப்பவளை என்ன செய்ய? வாசலில் வந்து நிற்பவளைத்தான் தடுக்க முடியும். கிறிஸ்மஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மாவின் மகள்