லண்டன் வேலைக்காரி

நவம்பர் 9, ஞாயிறு. சித்தூர்.

ஆராதனை முடிந்ததும் எதிர்வீட்டு சலோமி அக்காவிடம் நான் எழுதிய புதுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அந்தக் கால லண்டன் வீட்டு வேலைக்காரிகளைப் பற்றியது. புரட்டிப் பார்த்தாள்.

"படம்லாம் நல்லாகீது. நான் தெலுங்கு மீடியம்மா, தமிழ் படிக்க வராது. நீயே சொல்லேன்."

தமிழ்ப் பாட்டைக்கூட தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுவாள். மறந்துவிட்டேன்.

சர்ச் வாசலிலேயே சொன்னேன். விடியுமுன் எழுந்து கணப்புச் சாம்பல் அள்ளும் பெண், ராத்திரி கூரைக்கடியில் ஓர் அறையில் தனியாகப் படுப்பாள் என்றேன்.

"ராத்திரில யார்கிட்ட பேசும் அந்தப் பொண்ணு?"

இத்தனை வருஷம் எழுதியும் அது எனக்குத் தோன்றவில்லை. தெரியாதுக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு ராத்திரியில் நான் பேசுவதெல்லாம் இந்த நோட்டிடம்தான். எனக்கா தெரியாது?