வேம்பு படித்த கடிதங்கள்

புதுச்சேரி,
10-12-1979

வேம்புவின் அப்பா சாமிக்கண்ணு அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் பெண்கள் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில், படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆளுக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுக்கிறோம். முதலியார்பேட்டையில் எனக்கு வாய்த்தவள் உங்கள் மகள். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறியவள், போன வாரம் எங்கள் பேராசிரியர் முன்னால் ஒரு பக்கத்தைத் தங்குதடையில்லாமல் படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாள்.

இனி உங்கள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு செல்வாம்பாள் அக்கா பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தியிடம் போக வேண்டாம். வேம்புவே படித்துக் காட்டுவாள். இங்கே வேலை போய் கோயம்புத்தூர் மில்லுக்குப் போனீர்களே, அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அக்கா கேட்கச் சொன்னார்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

அன்புடன்,
கமலவேணி

சிங்காநல்லூர்,
27-2-1980

டீச்சரம்மாவுக்கு,

சாமிக்கண்ணு எழுதுவது. உங்கள் கடிதத்துக்கு நன்றி எழுத இருந்தேன். இப்போது கேள்வி எழுத வேண்டியதாகிவிட்டது.

மாசி மகத்துக்கு நான் வரவில்லை, நீங்களும் இங்கே வர வேண்டாம் என்று வீட்டுக்கு எழுதினேன். நேற்று ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், மில் கேட்டில் செல்வாம்பாள் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் நிற்கிறாள். "நீதான வரச் சொல்லி எழுதின? வேம்பு படிச்சிச்சே" என்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கவைத்து இன்று காலை பஸ் ஏற்றி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டிலேயே வேம்புவுக்கு அடி விழுந்தது. படிக்கத் தெரியாத கழுதை என்று அவள் அம்மா திட்டினாள். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வராதே என்பதை வா என்று படிக்கிறவளுக்கு எதைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாமிக்கண்ணு

புதுச்சேரி,
5-3-1980

மதிப்பிற்குரிய வேம்பு அப்பாவுக்கு,

உண்மையைச் சொல்கிறேன். சோதனை நாளில் அவள் படிக்கவில்லை, ஒப்பித்தாள். நான் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டிய பாடம் அது. காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்தின் முதல் வரியைச் சொன்னாள். பேராசிரியர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திட்டத்துக்காக வருடத்துக்குச் செய்ய வேண்டிய மணிக்கணக்கு என் நோட்டில் முடிந்திருந்தது, எனக்கும் நல்ல பெயர் வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். இந்த வருட மணிநேரம் அத்தனையும் அடித்துவிட்டார். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் என் பொய்க்கு வேம்பு அடி வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வேம்பு வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவை நோட்டுக்காக இல்லை.

மன்னிப்புக் கேட்கும்,
கமலவேணி

புதுச்சேரி,
10-3-1980

வேம்பு அப்பாவுக்கு,

நேற்று போனேன். அக்கா குழாயடிக்குப் போயிருந்தார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து மாசி மகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து, "தெரிஞ்ச வரைக்கும் படி" என்றேன். வேம்பு முழுவதும் படித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. 'நாலு பேர் முன்னால் என்னை வக்கில்லாதவன் என்று சொன்னவள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன், உன் அம்மா வீட்டுக்கே போய்விடு' என்பதையும் படித்தாள். இந்த வரியை நீங்கள் எனக்கு எழுதவில்லை.

"அப்புறம் ஏன் வான்னு படிச்ச?" என்றேன்.

"அப்புடியே படிச்சா அம்மா அழும்க்கா. நேர்ல போய் நின்னா அப்பாவுக்குக் கோவம் போயிடும்னு நெனச்சேன்."

எப்போது கற்றாய் என்று கேட்டேன். "சர்டிபிகேட் வாங்கிட்டு தெரியாதுன்னு எப்புடிச் சொல்றது?" என்றாள். கலியமூர்த்தி படித்துக் காட்டிய உங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்து வரவில்லை. உங்கள் கையெழுத்தில்தான் படிக்கக் கற்றிருக்கிறாள்.

இன்னொன்று. 'வேம்புக்குட்டி எப்படி இருக்கிறாள்' என்று பழைய கடிதங்களில் எழுதுவீர்கள். டிசம்பருக்குப் பிறகு வந்த மூன்றிலும் அது இல்லை. ஆனாலும் மூன்று தடவையும் அதை இருப்பதுபோலவே அம்மாவுக்குப் படித்திருக்கிறாள்.

படிக்கத் தெரியாதவள் என்ற பேரைச் சுமந்துகொண்டு இருக்கிறாள். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று கேட்க மறந்துவிட்டாள். படிக்கப்போவது யார் என்று எழுதும்போது நினைக்கவே இல்லையா?

கமலவேணி

சிங்காநல்லூர்,
18-3-1980

அம்மா கமலவேணிக்கு,

நினைக்கவில்லை. கலியமூர்த்தி படித்த காலத்தில், ஊரான் முன்னால் மானம் போகுமே என்று அளந்து எழுதினேன். சொந்தப் பிள்ளை படிக்கிறாள் என்றதும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற மகளுக்குக் கொடுக்கவில்லை. நான்கு நாளாக வெட்கமாக இருக்கிறது.

இத்துடன் செல்வாம்பாளுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். சித்திரைப் பிறப்புக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். அவள் சொன்னால்தான் வருவேன். நீங்கள் பக்கத்தில் இருந்து, எழுதியபடியே வேம்புவைப் படிக்கச் சொல்லுங்கள்.

சாமிக்கண்ணு

புதுச்சேரி,
24-3-1980

வேம்பு அப்பாவுக்கு,

படித்தாள். முதலில் சத்தம் போடாமல் தனக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். 'வேம்பு தப்பாகப் படிக்கவில்லை, நான்தான் தப்பாக எழுதினேன்' என்ற இடத்தில் அக்கா அவள் முகத்தையே பார்த்தார்கள். பிறகு எழுந்து போய் அணையாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வரச் சொல்லு. சண்ட போடணும்னா நேர்ல வந்து போடட்டும். எம் புள்ள வாயால வேணாம்."

கடைசியில் 'வேம்புக்குட்டி எப்படி இருக்கிறாள்' என்று எழுதியிருந்தீர்கள். அதை அவள் இரண்டு தடவை படித்தாள். வாங்கிப் பார்த்தேன், நீங்கள் ஒரு தடவைதான் எழுதியிருந்தீர்கள். நான் திருத்தவில்லை.

அன்புடன்,
கமலவேணி