சன்னல் மட்டத்துக்கு ஒரு மேடை

மார்ச் 4

தச்சர் அளவெடுக்க வந்தார். பழைய வீடு, உயர்ந்த கூரை, சட்டம் போட்ட கதவுகள், பெரிய சன்னல்கள். சமையலறை அலமாரிக்குப் பளபளப்புப் பலகை பொருந்தாது. அறைக் கதவுகளைப் போலவே சட்டம் வைத்து, தேக்கு நிறத்தில் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். மேடை, சன்னலின் அடிக்கட்டையோடு ஒரே கோடாக ஓட வேண்டும்.

"கோடு அப்புறம்மா. யாரு சமைக்கிறது? அவங்க முழங்கை உயரம் பாத்துதான் மேடை," என்றார்.

"நான்தான்," என்றேன். நின்றேன். நாடா பிடித்தார்.

மார்ச் 5

ஏன் அப்படிச் சொன்னேன்? பதினோரு வருடமாகச் சமைப்பது அக்கா, என் கணவரின் அக்கா. என் தோளுக்குத்தான் வருவார். நேற்று அந்நேரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நாத்தனார் கையால் சாப்பிடுகிறேன் என்று வெளி ஆளிடம் சொல்லக் கூச்சமா? இல்லை. சன்னல். என் உயரத்துக்கு அளந்தால்தான் மேடை சன்னலோடு சேரும்; அக்காவை நிறுத்தி அளந்தால் கோடு உடைந்துவிடும்.

மார்ச் 19

வேலை முடிந்தது. அழகு என்றால் அழகு. அலுவலகத் தோழி வந்து பார்த்து, "வீட்டோடயே பொறந்த மாதிரி இருக்குடி," என்றாள்.

மார்ச் 22

குளியலறை மணையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் நின்று தாளிக்கிறார் அக்கா.

"பாரு, அம்பத்தாறு வயசுல வளந்துட்டேன்!"

கணவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

மார்ச் 30

மணை வழுக்கிவிட்டது. அடுப்பில் எதுவும் இல்லை, நல்லவேளை. அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. "என் கண்ணு பிடரியில இருக்கு, வேறென்ன," என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். தைலம் தேய்த்துவிட்டேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஏப்ரல் 2

ஒரு கதவின் கீலைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். கட்டுப்போட்ட கையோடு அக்கா மணைமேல். அக்காவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு என்னை.

"சமைக்கிறது நீங்கன்னு சொன்னீங்களேம்மா?"

நான் முந்துவதற்குள் அக்கா: "அவதாங்க சமைப்பா. இன்னைக்கு என்னமோ நான் நின்னேன்."

அந்த நொடியில் எல்லாம் புரிந்திருக்கிறது அக்காவுக்கு. புரிந்தும் என் மானத்தைக் காப்பாற்றினார். நான் என்ன செய்தேன்? தச்சருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சீ.

ஏப்ரல் 3

சொல்லிவிட்டேன், கணவர் இருக்கும்போதே. "அளவெடுக்குறப்போ பொய் சொல்லிட்டேன்க்கா. சன்னலுக்காக."

அக்கா மணையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"சன்னலா வந்து சமைக்கப் போவுது?"

இந்த முறை சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9

கேட்டதற்கு மட்டும் அக்காவிடமிருந்து பதில். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி இருந்ததில்லை.

ஏப்ரல் 17

தச்சரிடமும் உண்மையைச் சொன்னேன். அலமாரிகளின் அடியை அறுத்து, மேடையை ஐந்து அங்குலம் இறக்கினார். இம்முறை அக்காவின் முழங்கை அளவுக்கு. சன்னலுக்குக் கீழே வெற்றுச் சுவர் பல்லிளிக்கிறது. தோழி, "அய்யய்யோ, என்னடி பண்ணி வெச்சிருக்க?" என்றாள்.

"சமைக்கிறது எங்க அக்கா. அவங்க உயரம் அது."

சொல்ல இவ்வளவுதான் நேரம் பிடித்தது.

ஏப்ரல் 20

காலையில் வெங்காயம் நறுக்க நின்றேன். பாதி உடம்பை மடக்கிக் குனிய வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நேராக நின்று கிளறிக்கொண்டிருந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு மணையெல்லாம் உதவாதும்மா. பள்ளந்தான் தோண்டணும்."

முதுகு வலிக்கிறது. நாளைக்கும் நான்தான் நறுக்குவேன் என்று சொல்லியிருக்கிறேன்.