குழந்தை இயேசு படத்துக்கு அடியில் ஓர் அம்பு

ஜனவரி 8, திங்கள்

இரண்டாம் ஆபரேஷன் தியேட்டரில் இன்றும் இருபத்தாறு டிகிரி. டாக்டரின் நெற்றி வேர்வையைத் துடைப்பதற்கென்றே ஒரு நர்ஸ் நின்றாராம்.

டிசம்பர் புயலில் மொட்டைமாடிக் கூரை பிய்ந்து, தியேட்டருக்குக் குளிர்காற்று அனுப்பும் பெட்டிக்குள் மழை புகுந்தது. நனைந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டு ஓடவிட்டது நான்தான். அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து காற்று வருகிறது, குளிராகவும் வருகிறது. ஆனால் போதவில்லை. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை.

மோட்டார் புதிது. அப்படியானால் காற்றைக் குளிர வைக்கும் காயில் குழாய்களில் அழுக்கு அடைத்திருக்கிறது. காயிலைக் கழுவுவது ஆர்தெமியோவின் வேலை. எஞ்சினியர் வில்யாகோர்த்தா மேடம் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் இனித்தது. என் நோட்டில் எழுத எனக்கென்ன வெட்கம்?

ஆர்தெமியோவும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸ் விருந்தில் நான் பாடிக்கொண்டிருந்தபோது மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டான். "காது வலிக்குதுய்யா" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னான்.

ஜனவரி 9, செவ்வாய்

கழுவினான். இருபத்தாறேதான்.

ஜனவரி 11, வியாழன்

இரண்டாவது முறையும் கழுவிவிட்டான். மேடம் தியேட்டர் கதவின் அடியில் டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே காற்று நிறைந்திருந்தால் காகிதம் வெளியே பறக்க வேண்டும். அது உள்ளே இழுபட்டது. வெளித் தூசியெல்லாம் தியேட்டருக்குள் போகிறது என்று அர்த்தம். உடனே பூட்டச் சொல்லிவிட்டார். எல்லா ஆபரேஷனும் இனி முதல் தியேட்டரில்தான். பித்தப்பைக் கல்லோடு துடிக்கும் எங்கள் தெரு தையல்காரி லுஸ்விமிண்டாவுக்கு இரண்டாவது தடவையாகத் தேதி தள்ளிப் போயிருக்கிறது.

இதற்குக் காரணமானவனை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரி டைரக்டரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாராம் மேடம். ஆர்தெமியோவுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ இருக்கிறது, இரண்டும் தாமதமாக வந்ததற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

அவன் என்னைப் பார்க்காமல் மேடத்திடம் சொன்னான்: "அந்தக் காயில் மேல சோறு போட்டுத் திங்கலாம் மேடம், அவ்வளவு சுத்தமா இருக்கு. வேற எங்கயோதான் கோளாறு."

எங்கேயாம்? மோட்டாரிலா? பத்தொன்பது வருடமாக மோட்டார் மாட்டுகிறவன் நான்.

ஜனவரி 12, வெள்ளி

மூன்றாவது முறை. முட்டி போட்டே கழுவினான். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஜனவரி 13, சனி

எப்படி எழுதுவது இதை?

மதியம் ஆர்தெமியோ சாப்பிடப் போயிருந்தான். அவன் கழுவிய லட்சணத்தைப் பார்ப்போம் என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டிக்குள் போனேன். புயலுக்குப் பிறகு காவலுக்கு இருக்கட்டும் என்று, காற்றைத் தள்ளும் ப்ளோயரின் மேல் குழந்தை இயேசு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தேன். மூன்று நாள் தண்ணீரில் அதன் ஓரம் எழும்பியிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, விரலால் அழுத்தினேன். அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

மெல்லப் பிரித்தேன். அம்புக்குறி. ப்ளோயர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரன் வரைந்து அனுப்பிய அம்பு. அது இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், நிற்கப் போகும் ப்ளோயர் பெல்ட் கடைசியாக நாலு சுற்று சுற்றியது. வலப்பக்கமாக!

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மோட்டார் ரிவர்ஸில் ஓடியிருக்கிறது. மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் பம்ப் மாட்டுகிற எவனும் முதலில் பார்ப்பது சுற்றும் பக்கத்தைத்தான். இந்த மாதிரி ப்ளோயர் வேறு, தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றை அதே வழியில்தான் தள்ளும். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பார்த்துச் சரி செய்யச் சொல்லும் ஒரே அம்பின் மேல் சாமி படத்தை ஒட்டியவனும் நானே.

இரண்டு வயரையும் மாற்றிப் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. சுவிட்சைப் போட்டதும் பெட்டியே உறுமியது. கீழே தியேட்டர் கதவில் டிஷ்யூ என் கையை விட்டு வெளியே பறந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

பசிலிக்கா கோயிலில் நொவேனா ஜெபக் கூட்டம். பாட்டு வரும்போது எல்லோரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். என் கை மேலே போகவில்லை. என் மனைவி மெர்லின் என் பக்கம் திரும்பி, தோள் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோயிலுக்குள்ளேயே பொய்.

ஜனவரி 15, திங்கள்

தியேட்டரில் பத்தொன்பது டிகிரி. மேடத்துக்கு மகிழ்ச்சி. "பாத்தீங்களா நெஸ்தோர்? வேலை போயிரும்னு தெரிஞ்சதும் எப்படிக் கழுவியிருக்கான். இதை முதல்லயே செஞ்சிருந்தா என்ன?" என்றார். மூன்றாவது மெமோ டைப் ஆகிக்கொண்டிருக்கிறது, நாளை மாலை கொடுக்கப் போகிறாராம்.

ஆர்தெமியோ பெட்டிக்கு முன்னால் குழம்பிப்போய் நின்றான். அவனுக்கே புரியவில்லை, அதே மாதிரிதானே கழுவினோம் என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்துநாலு வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்? மெர்லினிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கருவாடு பொரித்துக்கொண்டே கேட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில், "அவன் உன் பாட்டுக்குத்தானே வயரப் புடுங்கினான். நீ அவன் சோத்துக்கே புடுங்குறியே" என்றாள்.

ஸ்டிக்கரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன்!

காலையிலேயே மேடத்தின் அறைக்குப் போய், ஆர்தெமியோவையும் கூப்பிடச் சொன்னேன். அவன் மெமோவுக்குத்தான் என்று நினைத்து முகம் வெளுத்து வந்தான். ஸ்டிக்கரை மேசை மேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

மேடம் அலமாரியிலிருந்து டிசம்பர் மாத ஃபைலை எடுத்தார். மோட்டாரை ஓட்டிப் பார்த்ததற்கான தாளில் 'சுற்றும் திசை சரி' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. "நான் போய்ப் பாக்கவே இல்ல. உங்க மூஞ்சியப் பாத்து டிக் போட்டேன்" என்றார். ஃபைலை மூடி வைத்தார்.

மாலையில் ஆர்தெமியோவின் மெமோவைக் கிழித்துப் போட்டார். பிறகு இரண்டு மெமோ டைப் ஆனது, ஒன்று என் பெயருக்கு, இன்னொன்று அவர் பெயருக்கே. டைரக்டரிடம் இரண்டையும் கொண்டுபோய் அவரே பேசினார். டைரக்டர் அரை மணி நேரம் கத்தினாராம். வேலை மட்டும் யாருக்கும் போகவில்லை.

பத்தொன்பது வருடத்தில் என் முதல் மெமோ. படித்துப் பார்த்தேன், ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தூங்கிப் போய் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினேன். எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி!

ஜனவரி 17, புதன்

ஆர்தெமியோ பேசினான். "மூணு தடவ முட்டி போட வச்சிட்டியேய்யா." அவ்வளவுதான். போய்விட்டான்.

ஜனவரி 18, வியாழன்

முட்டி வலித் தைலம் ஒரு பாட்டில் வாங்கி, ஃபில்டர் பெட்டி மேல் வைத்தேன். மதியம் பார்த்தால் பாட்டில் இல்லை. மாடி முழுக்கக் கற்பூர வாசம்.

ஜனவரி 21, ஞாயிறு

குழந்தை இயேசு திருவிழா. தெருவெல்லாம் மேளம். மெர்லின் என்னைக் கேட்காமலே ஆர்தெமியோவையும் அவன் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். வாசலில் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தான், பன்றி வறுவலில் மொறுமொறுப்பான தோலையெல்லாம் தேடித் தேடித் தின்றான், பியர் குடித்தான். என்னோடு பேசவில்லை.

பிறகு எழுந்து கரோக்கி பாட்டு மெஷின் பக்கம் போனான். மைக்கின் வயரை எடுத்து, நிதானமாகத் துளையில் செருகி, மைக்கை என் கையில் கொடுத்தான்.

"வயரெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன். இதுக்கு மேல வர்றதெல்லாம் உன் தப்பு."

வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்ததில் முதல் வரியையே தவறவிட்டேன். என் பாட்டுக்கு மெஷின் நூற்றுக்கு அறுபத்தொரு மார்க் போட்டது. அவன் கடைசிவரை உட்கார்ந்து கேட்டான்.

ஜனவரி 22, திங்கள்

இரண்டாம் தியேட்டரில் இன்று நான்கு ஆபரேஷன். முதலாவது லுஸ்விமிண்டாவுக்கு. நன்றாக இருக்கிறாள், கஞ்சி கேட்டாளாம்.

குழந்தை இயேசுவை மறுபடி ஒட்டினோம், அம்புக்கு ஒரு சாண் தள்ளி. ஆர்தெமியோ படத்தை நேராகப் பிடித்துக்கொண்டான், நான் பசை தடவினேன்.