கன்னியாஸ்திரீக்கு நாம் சொன்ன வலிகள்

காலையில் பிள்ளையின் நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்தபோது, அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய், தோழி. நாலு நாளாக இருமுகிறான். அவன் அப்பா பட்டாளத்தில். கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பயத்தைச் சொல்ல இந்த வீட்டில் எனக்கு ஆளில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கல்லூரி விடுமுறையில், நீலகிரித் தைலம் மணக்கும் காட்டுப்பாக்கத்து மருந்தகத்துக்கு நாம் இருவரும் போய்வந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். அங்கிருந்த ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. அவரிடமே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, நோயாளிகள் சொல்வதை அவருக்குச் சொன்னோம். உனக்குத்தான் அது சட்டென்று வந்தது. "'மே துவேலே லா கபேசா'. எனக்குத் தலை வலிக்குது. நம்ம மாதிரியேதான்டி சொல்றாங்க! இங்கிலீஷ்காரன்தான் 'ஐ ஹேவ்'னு தலைவலியையும் சொத்து மாதிரி வச்சிருக்கான்" என்று சிரித்தாய். 'சுவேலே' என்ற சொல்லை எனக்குப் பழக்கியவளும் நீதான். ஒருவர் வழக்கமாகச் செய்வதைச் சொல்ல அது உதவும். 'சுவேலே தோசேர்' என்றால், வழக்கமாக இருமுவாள்.

பாரிவாக்கத்துக்காரி ஒருத்தி கொழுகொழுவென்ற குழந்தையோடு வந்தாளே! "தினமும் என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டேன். "இன்னாத்த துண்றான்? ஒன்னும் துண்ண மாட்டாம்மா" என்றாள். அப்படியே சொன்னேன். கன்னியாஸ்திரீ குழந்தையின் தொடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் டானிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நீ என் தலையில் குட்டினாய். "மக்கு! புள்ள நல்லா சாப்பிடுதுன்னு எந்த அம்மாடி சொல்லுவா? கண்ணு பட்டுடாது?" நீ யாருடைய முதல் பதிலையும் எடுத்துக்கொண்டதில்லை. பேச்சுக் கொடுத்து இன்னொரு தரம் கேட்பாய்.

அப்போதே நீ இருமிக்கொண்டுதான் இருந்தாய். ஒரு தரம் கேட்டேன். "ஒன்னுமில்லடி, புழுதி" என்றாய். ஆவடிக்குப் போகும் பட்டாள லாரிகள் புழுதி கிளப்பத்தான் செய்தன, நம்பிவிட்டேன். அடுத்த கோடையில் நீ உயிரோடு இல்லை.

இன்று பூந்தமல்லி டாக்டர் கேட்டதும் என் மாமியார் முந்திக்கொண்டார். "புள்ள நல்லாத்தான் கீறான் சாமி. லேசா சளி." குழந்தையின் நோவை வெளியாரிடம் விரித்துச் சொன்னால் அது நிலைத்துவிடும் என்பது அவருடைய பயம். "இல்லைங்க. ராத்திரி முழுக்க இருமுறான். மூச்சு விடும்போது விலா குழியுது. நேத்திலேருந்து பால் குடிக்கல" என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி மேசையில் கிடத்தினார்.

ஜட்காவில் திரும்பும்போது அத்தை என்னோடு பேசவில்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லை. ஆனால் மருந்துக்குப் பிறகு பிள்ளை கொஞ்சம் பால் குடித்தான்.

சற்று முன் அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

"என்ன அத்தை?"

"ஒன்னுமில்ல, போ."

உன்னிடம் அன்று அதோடு விட்டுவிட்டேன். இன்று விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"முட்டி நோவுதுடி. தெனமும்தான் நோவுது."