ஆகஸ்டில் காலியான நாற்காலி

நோவாரா, 11 மார்ச் 1995, சனிக்கிழமை

அன்பு மகள் நிவெஸுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மார்த்தாவும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று இரண்டு வருடமாக முதல் வரியிலேயே எழுதி வந்தேன், இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அதை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வருடம் கழித்து வருகிறேன், மூன்று கடற்கரை ஊரின் படம் அனுப்பினேன், மூன்றையும் வேண்டாம் என்கிறீர்கள், உங்களுக்கு என்னதான் வேண்டும், நாங்கள் வரட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டது நியாயம்தான். போர்தோ செரேனோவில் படிக்கட்டு அதிகம் என்றேன், காலா ரோசாவில் கூட்டம் என்றேன், தோர்ரெ விவாவில் காற்று என்றேன், எல்லாம் பொய். படத்தில் அந்த வீடுகளையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்து எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்தது கடலை இல்லையடி. அந்த ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு ஆகஸ்டில் டயாலிசிஸ் செய்ய ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்குமே இல்லை. என்னைப் போல எத்தனையோ பெண்டாட்டிமார் கிறிஸ்துமஸுக்கு முன்பே போன் செய்து எழுதி வைத்துவிடுகிறார்களாம், எனக்கு அது தெரியவில்லை.

ஆமாம், உன் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு கிடக்கிறார். செவ்வாய், வியாழன், சனி அப்பா கிளப்பில் சீட்டாடப் போயிருக்கிறார், போன் செய்யாதே என்று சொன்னேனே, அந்தச் சீட்டாட்டம் இதுதான். இப்போதும் உள்ளே இருக்கிறார், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் பையை வைத்து அதன் மேல் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "வர்றவ சந்தோஷமா வரட்டும் எர்சிலியா, என் உடம்புல தொங்குற குழாயைப் பாக்கவா உலகத்தோட அந்தக் கோடியிலேருந்து வர்றா" என்றார். இயந்திரத்தின் ஊசி குத்தக் கையில் வைத்த வழி அடைத்துப்போய் இப்போது நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறார்கள், அதில் தண்ணீர் படக்கூடாது, ஆகவே கடலில் இறங்க முடியாது. நீ சின்னவளாக இருந்தபோது குளிரட்டும் என்று அலையோரம் புதைத்து வைத்த தர்பூசணி மிதந்து போக, அதைத் துரத்திக்கொண்டு மிதவைக் கயிறு வரை நீந்திப் போனாரே, அந்த மனுஷன்தான். இப்போது தர்பூசணி ஒரு துண்டுகூட ஆகாது, ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான், அதையும் நான் அளந்து கொடுக்க, என்னை ஜெயில் வார்டர் என்கிறார். இதயமும் பலவீனம் என்கிறார் டாக்டர். அடுத்த கோடை பற்றிக் கேட்டேன், இந்தக் கோடையைப் பாருங்கள் அம்மா என்று சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது நிவெஸ், யாரிடமும் சொல்லாமல் இருந்து இருந்து நெஞ்சே கல்லாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை, நான் நம்பர் கொடுத்து வைத்திருந்த மரீனா வெக்கியா என்ற கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். ஆகஸ்ட் மூன்றிலிருந்து பதினேழு வரை ஒரு நாற்காலி இருக்கிறது, உடனே சொல்ல வேண்டும் என்றாள். அழகான ஊர் என்று பொய் சொல்ல மாட்டேன். கடற்கரை முழுக்கக் கூழாங்கல், ஒரு பக்கம் சிமெண்ட் ஆலை, ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி ஆடும். நான் உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். திடீரென்று எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டதற்கு, பதினோரு வருடமாக ஆகஸ்டில் வருகிறவர் இந்த வருடம் வரவில்லை என்றாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவள் தேதிகளையே மறுபடி வாசித்தாள், நானும் புரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் மறைக்கத் தெரியாமல் உளறிவிட்டேன். "அந்த ஆளு பேரென்ன" என்றார். கேட்கவில்லை என்றேன். "கேட்டிருக்கணும்டி. நாளைக்கு என் இடத்துக்கு வர்றவனும் என் பேரைக் கேக்காமத்தானே உக்காருவான்" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாளே போன் செய்து அந்த நர்ஸைக் கெஞ்சினேன், வெளியே சொல்லக்கூடாது என்று முதலில் மறுத்தாள், பிறகு பெயரை மட்டும் சொன்னாள். அம்ப்ரோஜோ. ஜன்னலோர நாற்காலியாம், அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியுமாம். அன்றிலிருந்து உன் அப்பா யாரோ பழைய சிநேகிதன் வீட்டை நமக்கு விட்டுக்கொடுத்த மாதிரி "அம்ப்ரோஜோவோட ஜன்னல்" என்றுதான் சொல்கிறார்.

ஆகவே வேறு ஊரில் அறை எதுவும் எடுத்துவிடாதே. மாப்பிள்ளைக்குக் கூழாங்கல் பிடிக்காவிட்டால் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளட்டும். கடற்கரையில் வாடகை நிழற்குடைக்கு மூன்றாவது வரிசையில் சொல்லி வைத்திருக்கிறேன், முதல் வரிசை என்றால் எல்லோரும் தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவருக்குத் தாங்காது. சட்டையைக் கழற்ற மாட்டார், நீ ஏன் என்று கேட்காதே. தர்பூசணி வாங்கினால் அவர் கண்ணில் படாமல் சாப்பிடுங்கள். குழந்தைக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, மார்பில் எண்ணெய் தேய்த்துக் கம்பளிச் சட்டை போடு, இங்கே வந்த பின் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறக்காதே. அவளைத் தாத்தா மடியில் உட்கார வை, இடது பக்கமாக, குழாய் வலது பக்கம் இருக்கிறது.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். வந்து இறங்கும்போது முகத்தில் காட்டாதே, அழுவதை எல்லாம் விமானத்திலேயே அழுது முடித்துவிட்டு வா. உள்ளே மணி அடிக்கிறது, இயந்திரத்தை நிறுத்துகிறார்கள், நான் போய்ச் சட்டை மாட்டிவிட வேண்டும். மாதா உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மறந்துவிடாதே, எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை போன் செய். செவ்வாய், வியாழன், சனி வேண்டாம். அப்பா சீட்டாடப் போயிருப்பார்.

உன் அம்மா
எர்சிலியா