மாருவை முட்டைக்காரியுடன் அனுப்பிவிடு

என் செல்ல மகள் யெஷிக்கு அம்மா அஸ்கலே எழுதுவது. நான் எழுந்து நடமாடுகிறேன், கண் தெரிகிறது, பல்லில் பாதி மிச்சம் இருக்கிறது, அந்த மட்டுக்குக் கடவுளுக்கு நன்றி. அங்கே அடிஸ் அபாபாவில் நீயும் என் பேரன் மாருவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மரியம் மாதாவிடம் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். தபாலில் போடவில்லை. நம் ஊர் பஸ் ஓட்டுகிற ஹைலுவின் கையில் கொடுத்திருக்கிறேன், அவன் பெண்டாட்டிதானே உன் சமையலறைக்கு முட்டை கொண்டுவருகிறாள், அவள் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வேலைக்காரியிடம் கொடுத்துப் போடச் சொல்லும் பழக்கத்தை இன்றைக்கு விட்டுவிடு, உன் கையாலேயே போடு.

பாகுமே மாதம் பிறந்துவிட்டது, அது இருப்பதே ஐந்து நாள், அது போனால் புது வருடம். ரஃபேல் சம்மனசு நாளன்று பெய்கிற மழையில் நனைந்தால் வருடம் முழுக்க நோய் அண்டாது என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அம்மணமாக ஓடி நனைவதற்குக் காத்திருக்கின்றன. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் பெய்யாத மழையெல்லாம் சேர்த்து வைத்து இப்போது கொட்டுகிறது. சரிவு முழுக்கத் தெஃப் பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கிறது, பார்த்தால் இந்த ஊரிலா மனிதர்கள் பட்டினியில் சுருண்டு செத்தார்கள் என்று தோன்றும். சாப்பிட வேண்டியவர்கள் போன பிறகு பயிர் வந்திருக்கிறது. உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, நீ வந்து பார்த்தாய்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாளைக்கு முன்பு, விடிந்தும் விடியாத நேரம், வாசலில் காலடிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். தெருப் பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். நெதெலாப் போர்வையின் கரையை மேலே திருப்பி முகத்தோரம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாவுச் சேதி சொல்லத்தான் அப்படிப் போர்த்திக்கொண்டு அந்த நேரத்துக்கு வருவார்கள் என்பது உனக்குத் தெரியாதா? உன் அப்பா தந்தி ஆபீசில் விழுந்து செத்தபோதும் இப்படித்தான் வந்து நின்றார்கள். எனக்கு இனி சாவதற்கு யார் இருக்கிறார்கள், நீயும் மாருவும்தான். யெஷியா, பையனா என்று கேட்டேனாம், எனக்கு நினைவில்லை, நிலைப்படியிலேயே விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தெருநெஷ்தான் ஓடிவந்து தூக்கினாள். "அக்கா, யாரும் சாகல, எந்திரிங்க, யாரும் சாகல" என்று என் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். டீக்கடை ரேடியோவில் பட்டாளத்துக்காரர்கள் பெயர் வாசித்தார்களாம். வரிசையாக மந்திரிகள், கவர்னர்கள், பிரபுக்கள், நடுவில் நம் மாப்பிள்ளை இளவரசர் மெர்ஷாவின் பெயர். தானாக வந்து கையைக் கட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு வாசல் நிலம் எல்லாம் பறிமுதல். இந்த மாதிரிச் சேதியை ஒரு வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது என்று இவர்களில் யாருக்கும் தெரியவில்லை, இதற்கு முன்னால் யாருக்கு வந்திருக்கிறது? தெரிந்தது சாவுச் சேதி சொல்கிற முறை ஒன்றுதான், அதனால் அப்படியே வந்துவிட்டார்கள். வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அழுவதா வேண்டாமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நான் காப்பிக் கொட்டை வறுத்தேன், வேறு என்ன செய்ய. மூன்று சுற்றும் குடித்துவிட்டு, "கடவுள் இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. சிங்க முத்திரை போட்ட அந்தக் கெட்டிக் காகிதம். எல்லாரும் சௌக்கியம், அவர் வேலையாக வெளியே போயிருக்கிறார், புது வருடத்துக்கு மாருவுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடி பெண்ணே, என்னிடமேவா? அதற்கு முந்தின நாளே ரேடியோவில் மாப்பிள்ளை சரணடைந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள். நீ கடிதம் எழுதிய தேதியைப் பார்த்தேன், அவரைக் கொண்டுபோன பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். உன்னைக் கோபிக்கவில்லை. நான் உன் இடத்தில் இருந்தாலும் சப்பாத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். ஆனால் எழுத்தெல்லாம் கோணல், அதிலேயே தெரிந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது யெஷி. அந்த வீட்டை நான் ஒரே தடவைதான் பார்த்தேன், மாரு பிறந்தபோது. மெத்தை மெத்தென்று உள்வாங்கியது, தூக்கம் வராமல் இறங்கித் தரையில் படுத்தேன், காலையில் அந்தப் பிரெஞ்சுக்கார ஆயா என்னை மிதிக்கப் பார்த்தாள். நீ ஆரஞ்சுப் பழத்தைக் கத்தியும் முள்கரண்டியுமாக உரித்துத் தின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, இது நம் வீட்டு மரத்தில் ஏறிப் பறித்துத் தோலைத் துப்பின பெண்ணா என்று. காலையில் நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு நாடா வெட்டப் போனாய், மத்தியானம் வெளிநாட்டுத் தூதர் பெண்டாட்டிகளுக்கு விருந்து, சாயங்காலம் மாமியாருக்கு முன்னால் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வந்தாய். உனக்கு உட்கார நேரமில்லை. வாசலில் நின்ற சிப்பாய்கள் எனக்குக்கூட சல்யூட் அடித்தார்கள். இப்போது அதே சிப்பாய்கள்தான் நிற்கிறார்கள், ஆனால் துப்பாக்கி வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஹைலு சொன்னான். முட்டைக்காரியையும் அடுப்பங்கரை ஆட்களையும் மட்டும் பின் கதவு வழியாக விடுகிறார்களாம். இன்றைக்கு விடுகிறார்கள். புது வருடம் பிறந்த பிறகும் விடுவார்களா என்று யார் சொல்வது? பெரியவரையே, சக்கரவர்த்தியையே, அரண்மனைக்குள் அடைத்து வைத்த மாதிரிதான் என்கிறார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களை என்ன செய்வார்கள்? இளவரசருக்கு ஒரு ஆண் வாரிசு இருக்கிறான் என்று யாருக்காவது நினைப்பு வந்தால் என்ன ஆகும்? அதை நினைத்தால் வாயில் வைத்த இன்ஜெரா உள்ளே இறங்கவில்லை.

முதலில் உங்கள் இரண்டு பேரையும் இங்கே வரச்சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் என்ன கல்லா, மகளைப் பார்க்க ஆசை இருக்காதா? ஆனால் உன் முகம் ஊரறிந்த முகம். பத்திரிகையில் எத்தனை தடவை வந்திருக்கிறது, டீக்கடைச் சுவரில்கூட ஒட்டியிருந்தது, இப்போது கிழித்துவிட்டார்கள். நீ பஸ்ஸில் ஏறினால் அடுத்த நிறுத்தத்துக்குள் தெரிந்துவிடும். நீ வீட்டில் இல்லை என்றால் தேடுவார்கள். நீ ஜன்னலில் தெரிகிற வரைக்கும் பையன் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் வீட்டிலும் அவனை வைக்க முடியாது, தேடினால் முதலில் வந்து நிற்கப்போவது என் வாசலில்தான்.

யோசித்து யோசித்துத் தலை வலித்துப் போய்த் தெருநெஷ் வீட்டுக்குப் போனேன். அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று நீ கேட்பாய். பஞ்சத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போனது உனக்குத் தெரியும். அதற்கு முந்தின அறுவடையில் மாப்பிள்ளையின் குத்தகை ஆள் அவள் களத்தில் இறங்கி விதைக்குக்கூட மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டு போனான், அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. புருஷன் பருத்திக் காட்டு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. நான் போய் உட்கார்ந்து மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளே கேட்டுவிட்டாள், "பேரனப் பத்தித்தான அக்கா, மழையப் பத்தி எதுக்கு இழுத்துக்கிட்டு இருக்கீங்க" என்று.

பிறகு அவளே சொன்னாள், நான் கேட்கவே இல்லை. "எங்கிட்ட அனுப்பிருங்க. பஞ்ச முகாம்ல அநாதையா நின்ன புள்ளைங்கள எத்தன பேரு எடுத்து வளக்குறாங்க, நானும் ஒண்ண எடுத்தேன்னு சொல்லிக்கிறேன். தலைய வழிச்சு உச்சியில ஒரு கொத்து விட்டுட்டா எல்லாப் புள்ளையும் ஒண்ணுதான். பேரு பெலாய்." பெலாய் அவளுடைய மூத்தவன், செத்துப்போனவன். அவன் நம் ஊர்ப் பேச்சே பேச மாட்டானே, தண்ணீர் கேட்பதற்கே பிரெஞ்சில் தயவு பண்ணச் சொல்வானே என்றேன். "கொஞ்ச நாளைக்கு ஊமன்னு சொல்லிக்கிறேன், முகாம்ல பாத்ததுல பாதிப் புள்ளைங்க பேசாமதான திரியுது" என்றாள். கன்னம் காட்டிக்கொடுக்குமே என்றேன். "என் வீட்டுச் சாப்பாடுதான, ரெண்டு வாரத்துல அது தானா எறங்கிரும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன், இவள் பழி வாங்கப் பார்க்கிறாளோ, பிள்ளைக்குப் பிள்ளை என்று மனசுக்குள் வைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன், உனக்கு எங்கள் மேல் கோபமே இல்லையா என்று. "இருக்கு" என்றாள். "உங்க மருமகன் மேல நான் சாகுற வரைக்கும் இருக்கும். உங்க மக மேலயும் இருக்கு. முகாமுக்கு வந்தப்ப கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா, அழுதாளா இல்லையான்னே தெரியல. அதுக்கும் இதுக்கும் என்ன? புள்ளைக்குக் கஞ்சி ஊத்துறப்ப கோவத்தையும் கரைச்சா ஊத்துவாங்க?" இதைச் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். கோபமே இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இருந்தாலும் பயம் போகவில்லை, அது போகாது.

அதனால் இப்போது நான் சொல்வதை அப்படியே செய். ஹைலுவின் பெண்டாட்டி நாளைக் காலையும் முட்டையோடு வருவாள். மாருவை அவளோடு பின் கதவு வழியாக அனுப்பிவிடு, அவள் தன் பிள்ளை மாதிரி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஹைலுவின் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவாள். கழுத்தில் இருக்கிற தங்கச் சிலுவையைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிறு மட்டும் கட்டு. சப்பாத்து வேண்டாம், இன்றைக்கு முழுக்கத் தோட்டத்துச் சரளைக் கல்லில் வெறுங்காலோடு விளையாடவிடு, கொஞ்சம் சிராய்க்கட்டும். பெலாய் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு விளையாட்டு மாதிரி பழக்கு. பாட்டி வீட்டுக்குப் போகிறாய் என்று சொல்லாதே, பாட்டி எங்கே என்று கேட்பான். அவன் போகும்போது கதவு வரைக்கும் வராதே. குனிந்து முத்தம் கொடுக்காதே. முட்டைக்காரி பிள்ளையை யார் முத்தமிட்டு அனுப்புவார்கள்? அவன் திரும்பிப் பார்ப்பான், அழக்கூட அழுவான். நீ சிப்பாய்க்குத் தெரிகிற மாதிரி முன் ஜன்னலுக்குப் போய் நின்று தலை வாரிக்கொண்டிரு. உன்னால் முடியும். மாமியாருக்கு முன்னால் முதுகு காட்டாமல் அத்தனை வருடம் நடந்தவள்தானே நீ. அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுதாதே, நான் எழுதாவிட்டாலும் கலங்காதே. அவன் நன்றாக இருந்தால் ஹைலுவின் பெண்டாட்டி உனக்குப் பழுப்பு முட்டை கொண்டுவருவாள்.

தெருநெஷ் உன்னிடம் கேட்கச் சொன்னது ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்ததும் அவன் என்ன கேட்பான், இருட்டென்றால் பயப்படுவானா, எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவான் என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பாட்டி என்று பேர்தான். முட்டைக்காரியின் காதில் சொல்லி அனுப்பு.

மரியம் மாதா தன் போர்வைக்குள் உன்னை வைத்துக்கொள்ளட்டும். காப்ரியேல் சம்மனசு உன் வாசலில் நிற்கட்டும், அந்தச் சிப்பாய்களுக்கு முன்னால் நிற்கட்டும். மாப்பிள்ளைக்கும் வேண்டிக்கொள்கிறேன், நீ கேட்காவிட்டாலும். நேரத்துக்குச் சாப்பிடு, விளக்கை அணைக்காமல் தூங்கு, உன் தலைமுடி நரைத்து நான் பார்க்க வேண்டும்.

மறக்காதே, கூடையில் முட்டைக்கு அடியில் ஒரு சட்டை வைத்திருக்கிறேன். தெருநெஷ் துவைத்து மடித்துத் தந்தது, பெலாயுடையது. மாருவுக்கு அதைத்தான் போட்டு அனுப்ப வேண்டும். பெலாய் போகும்போது அவனுக்கு ஏழு வயது, நம் பையனுக்கு ஐந்துகூட ஆகவில்லை, ஆனாலும் பட்டினியில் வளராத அந்தப் பிள்ளையின் சட்டை இவனுக்குத் தோளில் இறுக்கும், பொத்தான் எட்டாது. பிரித்துத் தைக்காதே. அப்படியே போட்டு அனுப்பு.

உன்னைப் பெற்ற
அஸ்கலே